நானோ துகளும் உயிரணுவும் சந்திக்கும் இடத்தில் என்ட்ரோபி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொடக்கக் கல்லூரியில் படிக்கும் அக்கா மகள், மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது பேச்சுக் கொடுக்கும் பக்கத்து வீட்டு அண்ணன், எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வேலைப் பயிற்சிக்கு வரும் பலதுறைத் தொழிற்கல்லூரிப் பிள்ளைகள் என்று ஆளாளுக்குக் கேட்ட கேள்விகள் இவை. சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நானோ துகள்களை, அதாவது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோமீட்டரால் அளக்கும் அளவுக்குச் சின்னத் துகள்களைத் தயாரித்து, அவற்றைச் சீரம் என்கிற ரத்த நீர்மத்திலும் உயிரணுக்களிலும் விட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். கணக்கு கொஞ்சம் வரும், பயப்படாதீர்கள்.

"சித்தி, என்ட்ரோபி என்றால் ஒழுங்கின்மைதானே? பள்ளியில் அப்படித்தானே சொன்னாங்க?"

அப்படிச் சொல்லிக் கொடுத்ததில்தான் பாதிக் குழப்பமே ஆரம்பிக்கிறது. ஒழுங்கு, ஒழுங்கின்மை என்பதெல்லாம் நம் கண்ணுக்குத் தோன்றுவது. என்ட்ரோபி என்பது ஓர் எண்ணிக்கை: ஒரு கூட்டம் எத்தனை விதமாக இருக்க முடியும் என்ற எண்ணிக்கை.

மதிய நேரத்து உணவங்காடி நிலையத்தை நினைத்துக்கொள். 10 மேசை காலி. மூன்று குழுக்கள் வருகின்றன, ஆளுக்கொரு மேசை வேண்டும். எத்தனை விதமாக உட்காரலாம்? 10 × 9 × 8, அதாவது 720 விதம். இப்போது நம் ஊர் வழக்கப்படி யாரோ ஏழு மேசைகளில் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடித்துவிட்டார்கள் என்றால் மிச்சம் மூன்று மேசை, 6 விதம்தான். இயற்பியலாளர் போல்ட்ஸ்மன் சொன்னது இந்த எண்ணிக்கையின் மடக்கையை ஒரு மாறிலியால் பெருக்கினால் கிடைப்பது என்ட்ரோபி என்று. வியன்னாவில் அவர் கல்லறையில் அந்தச் சமன்பாட்டைத்தான் செதுக்கி வைத்திருக்கிறார்கள். 720 என்பது 6 ஆனதில் குறைந்த என்ட்ரோபி ஏறத்தாழ 4.8 மாறிலி. டிஷ்யூ வைத்த மேசை பார்க்க ஒழுங்காக இருக்கிறதா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வந்தவர்களுக்கு இருந்த வாய்ப்புகள் குறைந்தன, அவ்வளவுதான்.

என்ட்ரோபி என்ற சொல்லை உண்டாக்கியவர் கிளாசியஸ் என்ற இயற்பியலாளர், 1865இல். திரும்புதல், மாறுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார், எனர்ஜி என்ற சொல்லோடு ஓசை ஒத்துவர வேண்டும் என்றே அப்படி அமைத்தார். அதில் ஒழுங்கின்மை என்ற பொருளே கிடையாது. அதனால் தமிழில் 'சீர்குலைவு' என்று பெயர் வைப்பதைவிட என்ட்ரோபி என்றே எழுதிவிட்டுப் போகலாம் என்பது என் கட்சி.

இதற்கும் நானோ பொருளுக்கும் என்ன தொடர்பு? பெரிய பொருளுக்கு என்ட்ரோபி கிடையாதா?

உண்டு. ஆனால் ஒரு கரண்டியைச் சாம்பாரில் போட்டால் அதன் நடத்தையை எடைதான் தீர்மானிக்கும். நானோ அளவில் தராசு வேறு. அங்கே அளவுகோல் வெப்ப அசைவின் ஆற்றல், அதாவது போல்ட்ஸ்மன் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கினால் வருவது. உடல் வெப்பமான 37 டிகிரியில் அது சுமார் 4.3 × 10⁻²¹ ஜூல். இனி இதை 'ஒரு வெப்ப அலகு' என்று சொல்லிக்கொள்கிறேன், ஒவ்வொரு முறையும் அடுக்குப் போட்டு எழுத முடியாது. உயிரணு தன் செலவுக்கு உடைக்கிற ஒரு ஏடிபி மூலக்கூறு தருவதே இருபது, இருபத்தைந்து வெப்ப அலகுதான். இந்த அளவில் நடக்கும் எல்லாமே சில வெப்ப அலகுகளுக்குள் இழுபறியாக இருப்பதால், என்ட்ரோபி போடும் சில்லறைக் காசும் முடிவை மாற்றிவிடும்.

இன்னொன்று பரப்பளவு. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர், அதாவது ஆறேழு நாலறை வீவக வீடுகளின் தரைப்பரப்பு. அந்தப் பரப்பு முழுவதையும் தொட்டுக்கொண்டு நிற்பது தண்ணீர். 50 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு துகளின் மேலேயே, ஒரு நீர் மூலக்கூறுக்கு 0.1 சதுர நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முதல் அடுக்கில் மட்டும் 78,000 நீர் மூலக்கூறுகள். ஒவ்வொன்றின் கணக்கும் வெப்ப அலகில் நூறில் ஒரு பங்கு மாறினால் போதும், மொத்தம் 780 அலகு. பின்னால் உயிரணுச் சவ்வு வளைவதற்கு ஆகும் செலவைச் சொல்லும்போது இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சிதறத்தான் வேண்டும் என்றால் துகள்கள் ஏன் ஒன்றுகூடுகின்றன, புரதங்கள் ஏன் ஒட்டிக்கொள்கின்றன?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பதில்: பெரியவை ஒட்டிக்கொள்கின்றன, ஏனென்றால் அதனால் சின்னவை விடுபடுகின்றன. நாம் துகளையே முறைத்துப் பார்த்துக்கொண்டு, சுற்றியிருக்கும் தண்ணீரை மறந்துவிடுகிறோம்.

நீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்துக்கொண்டு, நொடிக்கு நொடி ஆள் மாற்றிக்கொண்டே இருப்பவை. எண்ணெய் மாதிரியான ஒரு பரப்பு பக்கத்தில் வந்தால் அந்தப் பக்கம் கை நீட்ட ஆளில்லை. பிணைப்பை விட்டுவிடாமல் இருக்க வேண்டும் என்றால் உடம்பைத் திருப்பிச் சில கோணங்களில் மட்டுமே நிற்க முடியும். வாய்ப்புகள் குறைகின்றன, என்ட்ரோபி குறைகிறது. இரண்டு எண்ணெய்ப் பரப்புகள் ஒட்டிக்கொண்டால் நடுவில் மாட்டியிருந்த நீர் வெளியே வந்து பழையபடி சுற்றித் திரியலாம். எண்ணெய்க்கு எண்ணெய் மேல் பெரிய பாசம் ஒன்றும் கிடையாது. 1945இல் ஃபிராங்க், இவான்ஸ் இருவரும் இதைப் பரப்பைச் சுற்றி உறையும் குட்டிப் பனிக்கட்டி என்று வருணித்தார்கள். அது கொஞ்சம் மிகை என்று இன்று தெரியும், ஆனால் என்ட்ரோபிக் கணக்கு நிற்கிறது. புரதங்கள் மடிவதற்கு இதுதான் பெரிய காரணம் என்று 1959இல் காவுஸ்மன் எடுத்து வைத்தார்.

என் சொந்தக் கதை ஒன்று. வேலையில் சேர்ந்த புதிதில் பி-நிப்பாம் என்று செல்லமாகச் சொல்லப்படும் ஒரு பாலிமர் பூசிய துகள்களைத் தயாரித்தேன். குளிரூட்டி ஓடும் ஆய்வுக்கூடத்தில், 22 டிகிரியில், கண்ணாடி மாதிரி தெளிவான கரைசல். மத்தியானம் இரண்டு மணிக்கு அதை அளவெடுக்க அடுத்த கட்டடத்துக்குக் கூரை போட்ட நடைபாதை வழியாக எடுத்துப் போனேன். போகிற வழியில் ஒருவரிடம் நின்று பேசியது என் தப்பு. போய்ச் சேர்ந்தபோது குப்பியில் பால். கிருமி புகுந்துவிட்டது என்று நினைத்து இரண்டு குப்பிகளையும் கழிவுக் கலனில் ஊற்றிவிட்டு, ஒரு வார உழைப்பு போச்சே என்று அழாத குறையாக எங்கள் பேராசிரியருக்குப் போன் செய்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "குளிர்பெட்டியில் வைத்துப் பார்த்தாயா?"

அந்தப் பாலிமர் சுமார் 32 டிகிரியில் தண்ணீரைக் கைவிட்டுச் சுருண்டுகொள்ளும். சிங்கப்பூரின் மத்தியான வெப்பமும் அதேதான். ஒரு மாற்றம் தானாக நடக்குமா என்று சொல்வது கட்டிலா ஆற்றல், அந்தக் கணக்கில் என்ட்ரோபி எப்போதும் வெப்பநிலையால் பெருக்கப்பட்டே வருகிறது, ஆகவே சூடு ஏற ஏற அதன் குரல் ஓங்கும். குளிரில் பாலிமரோடு ஒட்டி உறவாடிய நீர் மூலக்கூறுகள் சூட்டில் பிய்த்துக்கொண்டு போகின்றன, பாலிமர் சங்கிலிகள் தமக்குள் ஒட்டிக்கொள்கின்றன, கரைசல் வெளுக்கிறது. குளிர்பெட்டியில் வைத்திருந்தால் மறுபடி தெளிந்திருக்கும். அதற்கப்புறம் எதையும் அவசரப்பட்டுக் கொட்டுவதில்லை.

'சூடாக்கினால் கூடும், குளிர்வித்தால் பிரியும்' என்ற இந்த நடத்தையைப் பார்த்தாலே நீரின் என்ட்ரோபி வேலை செய்கிறது என்று சந்தேகப்படலாம். உயிரினங்களில் இது நிறைய. புகையிலைத் தேமல் வைரஸின் புரதங்கள் சூட்டில் ஒன்றுகூடும். உயிரணுவுக்குள் தண்டவாளம் மாதிரி ஓடும் நுண்குழல்கள் 4 டிகிரிக்குக் குளிர்வித்தால் கலைந்துவிடும். அரிவாள் செல் நோயாளியின் ஹீமோகுளோபின் கூழாக உறைந்ததும் குளிரில் மறுபடி நீர்த்துப் போகும்.

ரத்தத்தில் ஊசி போட்ட நானோ துகள், நாம் செய்த அதே துகளாகவா இருக்கும்?

இருக்காது. ரத்த நீர்மத்தில் அல்புமின் மட்டுமே லிட்டருக்கு 35 முதல் 50 கிராம். அதைத் தவிர ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள். துகள் உள்ளே போன சில நொடிகளில் அவை மொய்த்துக்கொள்ளும். இந்தப் போர்வைக்குப் 'புரதக் கிரீடம்' என்ற பெயர் 2007இல் டாசன், லின்சே குழுவினர் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. உயிரணு பார்ப்பது இந்தக் கிரீடத்தைத்தான், உள்ளே இருக்கும் தங்கத்தையோ சிலிக்காவையோ அது பார்ப்பதே இல்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை மாலைக்கு நடுவில் தேடுகிற மாதிரி.

இங்கே என்ட்ரோபிக் கணக்கு இரண்டு பக்கமும் ஓடும். புரதம் சுதந்திரமாக அலைவதை இழக்கிறது, அது நட்டம். புரதத்துக்கும் துகளுக்கும் நடுவில் இருந்த நீரும் அயனிகளும் விடுபடுகின்றன, அது லாபம். ஒட்டிய பிறகு புரதம் கொஞ்சம் அவிழ்ந்தால் அதன் சங்கிலிக்குக் கூடுதல் வடிவங்கள் கிடைக்கும், அதுவும் லாபம். எது ஜெயிக்கும் என்பது துகளைப் பொறுத்தது, பொதுவிதி சொல்ல வழியில்லை. 2004இல் லைசோசைம் என்ற புரதத்தை 4, 20, 100 நானோமீட்டர் சிலிக்காத் துகள்கள்மேல் ஒட்டவைத்துப் பார்த்தபோது, துகள் பெரிதாக ஆக புரதம் அதிகம் உருக்குலைந்தது. பெரிய துகள் அதற்குத் தட்டையான பாய் மாதிரி, நன்றாகப் படுத்துப் பரவிக்கொள்ள இடம். சின்னத் துகளில் தொடுவதற்கே கொஞ்சம்தான் இடம்.

முதலில் ஒட்டியதே கடைசிவரை இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். எண்ணிக்கையில் அதிகமான, வேகமாக ஓடும் சின்னப் புரதங்கள் முதலில் வந்து உட்காரும், பிறகு இறுக்கமாக ஒட்டக்கூடியவை வந்து அவற்றை எழுப்பிவிடும். 1962இல் லியோ வ்ரோமன் காட்டியது இது, அவர் பெயராலேயே வழங்குகிறது.

அப்படியானால் எதுவுமே ஒட்டாமல் செய்ய முடியாதா?

பாலிஎத்திலீன் கிளைக்கால், சுருக்கமாகப் 'பெக்' என்கிற பாலிமர் சங்கிலிகளைத் துகளின் மேல் தூரிகை மயிர்போல நட்டுவிடுவார்கள். 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்சில் என்ற புற்றுநோய் மருந்திலிருந்து இந்த உத்தி பிரபலம். 

ஒவ்வொரு சங்கிலியும் தண்ணீருக்குள் நெளிந்து வளைந்து எண்ணற்ற வடிவங்களில் ஆடிக்கொண்டிருக்கும். ஒரு புரதம் உள்ளே நுழைய வந்தால் அந்த வடிவங்களில் பல முடியாமல் போகும். என்ட்ரோபி குறைய வேண்டும் என்றால் யாராவது காசு கட்ட வேண்டும், கட்ட ஆளில்லாததால் புரதம் வெளியே தள்ளப்படுகிறது. அலகு போட்ட கம்பிகளோடு சுழன்றாடிக்கொண்டு காவடி வரும்போது கூட்டம் தானாக விலகுமே, தைப்பூசத்தன்று டேங்க் ரோடு பக்கம் போயிருந்தால் தெரியும். கம்பி எல்லா நேரமும் எல்லா இடத்திலும் இல்லை, ஆனால் ஆட்டத்துக்கு அந்த இடம் வேண்டும். பாலிமர் தூரிகைகளின் கணக்கை எழுபதுகளில் அலெக்சாண்டரும் பிறகு டி ஜென்னும் போட்டுக் கொடுத்தார்கள். டி ஜென்னுக்கு 1991இல் நோபல் பரிசு.

பெக் போர்வை எதையும் ஒட்டவிடாது என்று விற்பனைக் கையேடுகள் சொல்வதை நம்ப வேண்டாம். குறையும், நிற்காது. போதாக்குறைக்கு சிலர் உடம்பில் பெக்கையே எதிர்க்கும் எதிர்ப்புப்பொருள்கள் இருக்கின்றன.

கொவிட் தடுப்பூசியில் நானோ துகள் இருந்ததாமே? அதிலும் இந்தக் கதைதானா?

ஆமாம் அண்ணே. 2020 டிசம்பர் 30ஆம் தேதி இங்கே முதல் ஊசி போட்டார்களே, அந்த ஃபைசர்-பயோஎன்டெக் தடுப்பூசியும், பிறகு வந்த மொடர்னாவும் லிப்பிடு நானோ துகள்கள்தான். சுமார் நூறு நானோமீட்டருக்குள் அடங்கும் கொழுப்பு உருண்டைகள், உள்ளே எம்ஆர்என்ஏ. நாலு வகை லிப்பிடு: அமிலத்தில் நேர்மின்னேற்றம் பெறும் ஒன்று, உயிரணுச் சவ்வில் உள்ளதைப் போன்ற ஒன்று, கொலஸ்டிரால், அப்புறம் மேலே சொன்ன பெக் கட்டிய ஒன்று.

எதிர்மின்னுள்ள ஆர்என்ஏவும் நேர்மின்னுள்ள லிப்பிடும் ஈர்த்துக்கொள்கின்றன என்று எல்லாப் படத்திலும் அம்புக்குறி போட்டிருப்பார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள டிஎன்ஏவை எடுத்துக்கொள்வோம், கணக்கு அதற்குத்தான் சுத்தமாக வரும். அதன் இரட்டைச் சுருளில் ஒவ்வொரு 0.34 நானோமீட்டருக்கும் இரண்டு எதிர்மின்னேற்றம். இவ்வளவு நெருக்கத்தை நீரால் தாங்க முடியாது, எனவே சோடியம் போன்ற நேரயனிகள் வந்து அதன்மேல் அப்பிக்கொண்டே இருக்கும். உப்பு நீரில் டிஎன்ஏவின் மின்னேற்றத்தில் சுமார் 76 விழுக்காட்டை இவையே மறைத்துவிடுகின்றன என்பது மேனிங்கின் கணக்கு. லிப்பிடும் தன் பங்குக்கு எதிரயனிகளைச் சுமந்துகொண்டு நிற்கிறது. இரண்டும் சேரும்போது சோடியமும் குளோரைடும் 'எங்களுக்கு இனி வேலையில்லை' என்று கரைசலுக்குள் ஓடுகின்றன. கட்டுண்டு கிடந்த ஒவ்வோர் அயனியும் குடுவை முழுக்கச் சுற்றலாம். அந்த என்ட்ரோபி லாபம்தான் கூட்டணியை உறுதியாக்குகிறது. ஆதாரம் கேட்டால் இரண்டு சொல்வேன். ஒன்று, டிஎன்ஏ நேர்மின் லிப்பிடோடு சேர்வதை வெப்ப அளவியில் வைத்துப் பார்த்தால் பல நேரம் வெப்பம் வெளிவராமல் உள்ளே இழுக்கப்படுகிறது. வெறும் ஈர்ப்பு என்றால் அப்படி ஆகாது. இரண்டு, கரைசலில் உப்பைக் கூட்டினால் கூட்டணி தளர்கிறது, வெளியில் ஏற்கெனவே கூட்டமாக இருக்கும்போது விடுதலையாகி வரும் அயனிக்குக் கிடைக்கும் லாபம் குறைவு.

அமிலக் கரைசலில் ஆர்என்ஏவைக் கட்டிப் பொட்டலம் போட்ட பிறகு ரத்தத்தின் பிஎச் அளவான 7.4க்குக் கொண்டுவந்தால் லிப்பிடு மின்னேற்றத்தை இழந்து சாதுவாகிவிடும். உயிரணு விழுங்கிய பிறகு, விழுங்கியதைச் சுற்றி உண்டாகும் உட்பையில் மறுபடி அமிலம், மறுபடி நேர்மின், உட்பைச் சவ்வின் எதிர்மின் லிப்பிடுகளோடு சேர்ந்து சவ்வு கிழிந்து ஆர்என்ஏ வெளியே வருகிறது. வெளியே வரும் விகிதம் மிகக் குறைவு என்பதுதான் இந்தத் துறையின் தீராத தலைவலி.

உயிரணுவுக்குள் போன பிறகு?

உள்ளே பயங்கர நெரிசல். உயிரணுவின் உட்பகுதியில் 20 முதல் 30 விழுக்காடு இடத்தைப் பெரிய மூலக்கூறுகளே அடைத்துக்கொண்டிருக்கின்றன. நெரிசல் மட்டுமே ஒரு விசையை உண்டாக்கும் என்பதை 1954இல் அசாக்குரா, ஊசாவா என்ற இரு ஜப்பானியர்கள் காட்டினார்கள்.

வீடு மாறும்போது இரண்டு அலமாரிகளைக் கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் வைத்தால், ஒவ்வொன்றைச் சுற்றியும் பிள்ளைகள் நுழைய முடியாத இடுக்குகள் உண்டாகும். இரண்டையும் முதுகோடு முதுகு ஒட்டி வைத்தால் அந்த இடுக்குகளில் பாதி காணாமல் போய், பிள்ளைகளுக்கு ஓட இடம் கூடும். அலமாரிக்கு அலமாரி மேல் ஆசையில்லை. ஓடும் பிள்ளைகள் மோதி மோதியே இரண்டையும் சேர்த்துவிடுவார்கள். சின்னப் புரதங்கள்தான் பிள்ளைகள், நானோ துகள்கள் அலமாரிகள். தண்ணீரில் நன்றாகப் பிரிந்து மிதக்கும் துகள்கள் நெரிசலான கரைசலில் போட்டதும் ஏன் கட்டிதட்டுகின்றன என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் ஒட்டுப்பசையைத் தேடாதே, முதலில் நெரிசலைப் பார் என்பேன்.

எவ்வளவு பெரிய துகளை உயிரணு சுலபமாக விழுங்கும்?

2006இல் சித்ரானி, சான் குழுவினர் 14 முதல் 100 நானோமீட்டர்வரை தங்கத் துகள்களை, ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் ஹீலா என்ற மனிதப் புற்றுநோய் உயிரணுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிகம் உள்ளே போனது 50 நானோமீட்டர். எல்லா உயிரணுவுக்கும் எல்லாத் துகளுக்கும் இதே எண் என்று சொல்லவில்லை, ஆனால் நடுவில் ஒரு நல்ல அளவு இருப்பதற்குக் காரணம் உண்டு.

சவ்வை ஓர் உருண்டையைச் சுற்றி முழுதாக வளைக்கும் செலவு, உருண்டை எவ்வளவு பெரிதானாலும் ஏறக்குறைய ஒன்றேதான், சுமார் 500 வெப்ப அலகு. தண்ணீர்க் கணக்கில் வந்த 780ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சின்னத் துகளில் ஒட்டும் பரப்பு குறைவு, அந்தச் செலவை ஈடுகட்ட முடியாது. அப்படியானால் பெரிதாக ஆக நல்லதுதானே? அங்கேதான் என்ட்ரோபி குறுக்கே வருகிறது. சவ்வில் மிதந்து திரியும் ஏற்பிகளை, அதாவது துகளைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களை, பிடித்து ஓரிடத்தில் கூட்ட வேண்டும், ஒவ்வொன்றும் தன் சுதந்திரத்தை இழக்கிறது. பெரிய துகளுக்கு நிறைய ஏற்பிகள் வேண்டும், தூரத்திலிருந்து வந்து சேர நேரமும் ஆகும், அதற்குள் கையிருப்பு தீர்ந்துவிடும்.

ஒரே துகளில் ஏற்பிகளைப் பற்றிக்கொள்ளும் பிடிமானங்கள் பல வைப்பதில் என்ன லாபம்?

ஒரு பிடிமானம் பிடித்தவுடன் துகள் அலையும் சுதந்திரத்தை இழந்துவிட்டது, அந்த நுழைவுக் கட்டணம் கட்டியாயிற்று. இரண்டாவது, மூன்றாவது பிடிமானங்கள் அதை மறுபடி கட்ட வேண்டியதில்லை. இதைவிடச் சுவாரசியம், 10 பிடிமானங்களும் 10 ஏற்பிகளும் இருந்தால் யார் யாரோடு சேர்வது என்பதற்கே ஏராளமான விதங்கள். ஏற்பிகள் கொஞ்சம் குறைந்தாலும் அந்த எண்ணிக்கை தடாலென்று விழும். அதனால் ஏற்பிகள் அடர்ந்த நோயுற்ற உயிரணுவை மட்டும் பிடித்து, அடர்த்தி குறைந்த நல்ல உயிரணுவை விட்டுவிடும்படி துகளை வடிவமைக்கலாம் என்று 2011இல் மார்ட்டினெஸ்-வெராகொச்சேயா, ஃபிரெங்கல் இருவரும் கணக்குப் போட்டார்கள். சுருக்கு என்னவென்றால் ஒவ்வொரு பிடிமானமும் பலவீனமாக இருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் ஆளாளுக்கு மிக இறுக்கமான பிடிமானத்தைத் தேடிப் போய் எல்லா உயிரணுவிலும் ஒட்டிக்கொள்ளும் துகளைச் செய்துவிடுகிறார்கள்.

உயிர் என்பதே என்ட்ரோபிக்கு எதிரான போர் என்கிறார்களே?

1944இல் ஷ்ரோடிங்கர் உயிர்கள் 'எதிர்மறை என்ட்ரோபியை' உண்டு வாழ்கின்றன என்று எழுதினார், அதிலிருந்து இந்தப் பேச்சு. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒரு பழைய 100 வாட் பல்பு அளவுக்கு வெப்பம் வெளிவிடுகிறார், அந்த வெப்பத்தோடு என்ட்ரோபியும் வெளியே போய்விடுகிறது. எதிர்ப்பும் இல்லை, போரும் இல்லை. மேலே எண்ணெய்ப் பரப்புகளில் பார்த்த மாதிரியே, சவ்வு உண்டாவதும் புரதம் மடிவதும் நீர் விடுபட்டு என்ட்ரோபி கூடுவதால்தான்.

உடலின் என்ட்ரோபியைக் குறைத்து இளமையாக்கும் நானோ நீர் என்று ஒரு போத்தல் 80 வெள்ளிக்கு விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். அந்தக் காசுக்குத் தேக்காவில் நல்ல நெய்மீன் வாங்கி ஊருக்கே குழம்பு வைக்கலாம்.

ஆய்வுக்கூடத்தில் என்ட்ரோபியை எப்படி அளக்கிறீர்கள்? அதற்கு ஒரு மீட்டர் உண்டா?

நேரடி மீட்டர் கிடையாது. சமவெப்ப டைட்ரேஷன் கலோரிமீட்டர் என்று ஒரு கருவி. துகள் கரைசலில் புரதத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் எவ்வளவு வெப்பம் வந்தது, போனது என்று அளக்கும். அந்த வெப்பம் என்தால்பியை, அதாவது கணக்கில் வெப்பத்தின் பங்கைத் தரும், வளைவின் வடிவம் ஒட்டும் வலிமையைத் தரும், வலிமையிலிருந்து கட்டிலா ஆற்றல், அதிலிருந்து என்தால்பியைக் கழித்தால் என்ட்ரோபியின் பங்கு. அதாவது மாதச் சம்பளத்தில் தெரிந்த செலவையெல்லாம் கழித்து மிச்சம் எங்கே போனது என்று கண்டுபிடிக்கிற மாதிரி.

இந்த முறையில் ஒரு பொறி இருக்கிறது. என்தால்பியை அளப்பதில் பிழை வந்தால் அதே அளவு பிழை என்ட்ரோபியிலும் ஏறிவிடும். அதனால் இரண்டும் ஒன்றையொன்று அழகாக ஈடுகட்டுவதுபோலத் தோற்றம் வரும். உண்மையான ஈடுகட்டலும் உண்டு, இறுக்கமாக ஒட்டினால் அசைவு குறைவது நியாயம்தானே. ஆனால் வரைபடத்தில் நேர்கோடு கிடைத்தவுடன் துள்ளிக் குதிக்கும் பயிற்சி மாணவர்களை நான் மூன்று வெப்பநிலைகளில் திரும்ப அளக்கச் சொல்லி அனுப்பிவிடுவேன். முணுமுணுத்துக்கொண்டுதான் போவார்கள்.

இங்கே இதையெல்லாம் எங்கே படிக்கலாம்?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரண்டிலும் பொருளறிவியல், வேதியியல், உயிர்மருத்துவப் பொறியியல் எந்தப் பக்கமிருந்தும் வரலாம். 2003இல் திறந்த பயோபொலிஸ் ஆய்வு வளாகத்தில் அறிவியல், தொழில்நுட்ப, ஆய்வு அமைப்பின் கூடங்கள் இருக்கின்றன. ஓர் அணுத் தடிமனே உள்ள கரித்தாளான கிராஃபீனுக்காக 2010இல் நோபல் பரிசு பெற்ற நோவோசெலோவ் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு 2019இல் வந்தார். எந்தத் துறையானாலும் வெப்ப இயக்கவியல் வகுப்பைத் தூங்கிக் கழிக்காமல் இருந்தால் போதும்.

"சித்தி, வீட்டிலேயே செய்து பார்க்க ஏதாவது இருக்கா?"

இருக்கு. பீஹூன் பொட்டலத்தில் போட்டு வரும் ரப்பர் பட்டையில் தடிமனான ஒன்றை எடுத்து நன்றாகக் கழுவிக்கொள். இரண்டு கையாலும் சட்டென்று நன்றாக இழுத்து, இழுத்தபடியே மேலுதட்டில் வைத்துப் பார், வெதுவெதுப்பாக இருக்கும். இழுத்த நிலையிலேயே அரை நிமிடம் பிடித்து ஆறவிட்டு, பிறகு பட்டென்று தளர்த்தி உதட்டில் வை, ஜில்லென்று இருக்கும். ரப்பருக்குள்ளும் பெக் மாதிரி நெளியும் சங்கிலிகள்தான். இழுத்தால் நேராகி வடிவங்களை இழக்கின்றன, இழந்த என்ட்ரோபி வெப்பமாக வெளியேறுகிறது. விட்டால் மறுபடி சுருண்டு, அதற்கு வேண்டிய வெப்பத்தை உன் உதட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

அடுத்தது, பட்டையில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டு முடி உலர்த்தியால் சூடு காட்டு. கம்பியாக இருந்தால் நீளும், ரப்பர் சுருங்கிப் பூட்டை மேலே தூக்கும். பட்டை நன்றாக இழுபட்டிருக்க வேண்டும், இலேசாக மட்டும் தொங்கினால் மற்றப் பொருள்களைப் போலவே சூட்டில் விரிந்து உன்னை ஏமாற்றிவிடும். பூட்டுக்குக் கீழே காலை வைக்காதே.